இடைவேளை நிருபர்

மாட்டுங்கா ஹால் ஒன்றில் தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டு நிருபருக்குப் பிரிவுபசார விழா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எந்த ஆட்டத்துக்கு வந்தாலும் இடைவேளையில் வடாபாவைத் தின்றுவிட்டுச் செம்பூருக்குப் பஸ் பிடித்துவிடுகிற மகானுபாவர். நான் ஆடிய கபடி ஃபைனலில் எங்கள் தாராவி அணி பாதி ஆட்டம்வரை முன்னால் இருந்தது, பிறகு தோற்றது. மறுநாள் பேப்பரில் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

மாலை போட்டுவிட்டுக் கேட்டேன்: "சார், அன்னைக்கு நாங்க தோத்துல்லா போனோம்?"

"அப்படியா? யாரும் சொல்லவே இல்லையேப்பா!"

எப்படிச் சொல்வோம்? அந்தச் செய்தியைத்தான் சட்டம் போட்டு எங்கள் கபடி மன்றத்தில் மாட்டியிருக்கிறோமே.

விழாவில் ஏழு பேர் அவரைப் புகழ்ந்தார்கள். கடைசி ஆள் மைக்கை வைக்கும்வரை மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை.