சாவி வைக்காத பெட்டி

தனுவச்சபுரம் பஸ்ஸில் பை நிறையப் பூட்டுகளோடு லேகா டீச்சர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கியபோது, இவளுக்குக் கிறுக்குதான் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நாலாம் வகுப்புக்கு எஸ்கேப் ரூமாம். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினாள். உள்ளே பூட்டிய பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கேள்வி. தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் போவாய்? ரேஷன் கார்டில் பெயர் தப்பு, எந்த ஆபீஸ்? சரியான பதில் சொன்னால் பூட்டின் எண் கிடைக்கும். எல்லாப் பெட்டியும் திறந்தால் அவள் கதவைத் திறப்பாள். பஞ்சாயத்துப் பாடம் நடத்தி நடத்தி என் தொண்டைதான் வறண்டது. இவள் வகுப்புப் பிள்ளைகள் விளையாடியே படித்துவிட்டார்கள். எனக்குப் பொறாமைதான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

கடைசிப் பெட்டி மட்டும் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். 'பாறைக்குளத்துக்கு வேலி கட்ட வேண்டியது யார்?' என்று அதில் எழுதியிருந்தது.

கல் உடைத்துக் கைவிட்ட அந்தக் குளம் பாதி கேரளத்திலும் பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. மூன்று வருடம் முன்பு அதில் வழுக்கி விழுந்துதான் லேகாவின் மகன் அஜின் போனான். இந்தப் பக்கத்துப் பஞ்சாயத்தில் வேலி கேட்டால், குளம் அந்தப் பக்கத்தது. அந்தப் பக்கம் கேட்டால், பையன் இந்தப் பக்கத்தவன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே இரண்டு பேர். இன்றுவரை வேலி இல்லை. மழையில் தண்ணீர் ஏறும்போது 'அம்மா' என்று கூப்பிடுகிற சத்தம் கேட்பதாக லேகா சொல்வாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். பயம்தான்.

"அந்தப் பூட்டுக்கு நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாதாக்கும், சரசம்மா டீச்சர்."

உள்ளே ஜீனா என்கிற பெண் அழுதுகொண்டு கதவைத் தட்டினாள். லேகா கதவில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள், திறக்கவில்லை. நான்தான் சாவியைப் பிடுங்கித் திறந்தேன். "பிள்ளைகள வச்சா இந்த வெளயாட்டு?" என்று நன்றாகத் திட்டவும் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் லேகா போன் செய்தாள். "டீச்சர், பிள்ளைக எல்லாம் பாறைக்குளத்தில நிக்குதாம். நான் போறேன்." செருப்புகூடப் போடாமல் நானும் ஓடினேன்.

குளத்தின் விளிம்பில், மழையில் இளகிய மண்ணில், பிள்ளைகள் வரிசையாக மரச்சீனிக் கிழங்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். கரணம் தப்பினால் மரணம்.

ஜீனாதான் எங்களை முதலில் பார்த்தாள். "ஆரும் கெட்டாததினால நாங்க வேலி கெட்டுதோம் டீச்சர். இனி அந்தப் பெட்டி தொறக்கும் இல்லியா?"

லேகா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றினாள். பிறகு தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எனக்கும் சந்தேகம் வந்து நானும் எண்ணினேன். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள்.

"எல்லாரும் உண்டு லேகா. வா, போவோம்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல டீச்சர். ஒராளு கொறவு உண்டு."