வழி திறப்பு என்றொரு மைல்ஸ்டோன்

மைல்ஸ்டோன் என்பதைக் கண்டுபிடித்த புண்ணியவானைக் கூட்டி வந்து எங்கள் ஓடைக்கரையில் ஒரு நாள் வெயிலில் நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எண்ணூரில் ஓடை ஒன்றின் மேல் பாலம் கட்டிய கம்பெனியில் நான் பிளானிங் இன்ஜினியர். எந்த வேலை என்றைக்குத் தொடங்கும், என்றைக்கு முடியும் என்று சாஃப்ட்வேரில் போட்டு வைப்பதுதான் என் பிழைப்பு. தூண் இறக்குவதற்காக ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி அடைத்திருந்தார்கள். உள்பக்கம் மாட்டிக்கொண்ட படகுகளில் என் அண்ணனுடையதும் ஒன்று. கடலுக்குப் போக வழியில்லாமல் அவன் காசிமேட்டில் வேறொருவர் விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்தப் படகு வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு கடுப்பு என்று அவன் சாப்பிட உட்காரும் தோரணையிலேயே தெரியும்.

பாலம் முடிந்ததும் மண்ணை அள்ள வேண்டும். பொக்லைன், லாரி, ஆட்கள் எல்லாம் சேர்த்து அதை ஒரு வேலையாகப் போட்டிருந்தேன். மேனேஜர் எடுத்துவிட்டார்.

"சார்ட் ரொம்ப நீளமா இருக்கு. 'வழி திறப்பு'ன்னு ஒரு மைல்ஸ்டோன் போட்டா போதும்."

மைல்ஸ்டோன் என்றால் திரையில் டைமண்ட் வடிவத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்கு ஒரு தேதி மட்டும் உண்டு. ஒரு வேலை முடிந்ததைக் காட்டத்தான் அது இருக்கிறது. வேலையையே தூக்கிவிட்டு அதை மட்டும் வைத்தால் என்ன அர்த்தம்? மண்ணை யார் அள்ளுவது என்று கேட்டேன். சைட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். சைட்டில் கேட்டால், பிளானில் இல்லாத வேலைக்கு மெஷின் தரமாட்டார்கள் என்றார்கள். மெயில் மேல் மெயில் போட்டேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

தேதி வந்தது. மண் அப்படியே கிடந்தது. மேனேஜர் தானே உட்கார்ந்து 'முடிந்தது' என்று தட்டினார். கட்டம் பச்சையானது. "பாலம்தான் முடிஞ்சிடுச்சே, இதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். தலைமை அலுவலகம் வாழ்த்து அனுப்பியது. கேக் வெட்டினார்கள். வழி திறந்தாயிற்று என்று மீனவர் சங்கத்துக்கும் வாட்ஸப்பில் தகவல் போயிருக்கிறது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குள் நுழையும்போது அண்ணன் போன் செய்தான். கூலிப் படகுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, டீசலும் ஐசும் ஏற்றிக்கொண்டு தன் படகில் கிளம்பியிருக்கிறான்.

"இன்னாமா, தொறந்துட்டாங்கன்னு சொன்னாங்கோ, மண்ணு அப்படியே கீது. ஐசு கரைஞ்சிகினு கீது. எந்தப் பக்கமா போறது?"

"தொறக்கலண்ணா."

"அப்போ இன்னாத்துக்குப் பொய் சொன்னாங்கோ? நீ அங்கதான கீற?"

போனை வைத்துவிட்டு நேராக மெஷின் அனுப்பும் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க மேடம், பச்சையா இருக்கு. முடிஞ்ச வேலைக்கு எப்படி மெஷின் அனுப்புறது?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். 'முடிந்தது' என்பதை எடுத்தேன். மண் அள்ளும் வேலையைத் திரும்பப் போட்டு, அது முடியாமல் கட்டம் பச்சையாகாதபடி இரண்டையும் இணைத்துச் சேமித்தேன். தேதி தாண்டியும் முடியாத வேலை என்று கட்டம் சிவப்பானது. மண் கிடந்த இத்தனை நாளும் ஒரு போன் கூட வராத தலைமை அலுவலகத்திலிருந்து சாயந்தரத்துக்குள் மூன்று பேர் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"ஓடையில படகோட நிக்கிறாரே, எங்க அண்ணன், அவரைக் கேட்டுதான் சார்" என்றேன்.