ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

"மங்கலத்துல வீடு பாருலே, அமைதியான ஏரியா. ஞாயித்துக்கிழமை வா, காட்டுதேன்" என்றான் செல்வம்.

நெல்லையில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். போனேன். தெருவில் காக்கைச் சத்தம் மட்டும்தான். அடுத்த ஞாயிறு, அதாவது நேற்று, குடிவந்துவிட்டேன்.

இன்று காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறிகள் ஓடத் தொடங்கின. டம்ளரில் காபி நடுங்கியது.

எதிர்வீட்டு அக்காவிடம் கத்திக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தானுங்க தறிக்கு லீவு. முன்னால இருந்தவரும் சத்தம் தாங்காமத்தான் ஊட்டக் காலி பண்ணுனாருங்க. வேற ஆளப் புடிச்சு உட்டுட்டுப் போங்கன்னு ஓனர் சொல்லிட்டாருங்க."

"யாருங்க அவர்?"

"ஏனுங்க, உங்களக் கூட்டிட்டு வந்தாரே, அவருதானுங்க!"

செல்வம் போனை எடுக்கவில்லை.

நண்பர்களே, அவன் இப்போது எந்த ஏரியாவில் குடியிருக்கிறான் என்று தெரிந்தால் சொல்லுங்கள். சண்டைக்கு இல்லை. அங்கே வீடு பார்க்கத்தான்.