பதினோராவது கம்பு

கோதுமை மாப் பசை காய்ச்சும் மணம் மூக்கில் ஏறினால் போதும்... நான் வெள்ளவத்தை பிளாட்டில் இல்லை, கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன். அரைக்காற்சட்டை, முழங்கை வரை பசை, விரலிடுக்கில் மஞ்சள் டிஷ்யூ பேப்பர்.

இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. பிள்ளைகளை நிறத்துக்கு ஒன்றாக இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள்; நாங்கள் மஞ்சள் இல்லம். நாங்கள் ஒட்டிய கொடிகளை ஒரே கயிற்றில் கோத்திருந்தால் கொச்சிக்கடைக் கோயிலைச் சுற்றிவிட்டு, ஹாபரில் நின்ற கப்பல் ஒன்றையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இல்லத்துக்குப் பொறுப்பான சேர் எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார்.

"நூறு அடிக்குக் கொடிக் கயிறு. பத்தடிக்கு ஒரு மூங்கில் கம்பு. தொங்கல் ஒண்டும் நிலத்தில முட்டக் கூடாது. எத்தினை கம்பு எண்டு சொல்லுங்கோ, லொறியில எடுப்பிக்கிறன்."

"பத்து" என்றேன், அவர் வாய் மூட முதல்.

அந்த வயதில் என் கொள்கை அதுதான். கணக்கு என்றால் வேகம். நின்று யோசிக்கிறவனுக்குக் கணக்கு வராது என்று அர்த்தம். என்னைப் போல் முதலில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இல்லை. வாங்கிய மார்க்ஸைப் பற்றி இங்கே கதைக்கத் தேவையில்லை.

மாளிகாவத்தையிலிருந்து வரும் ரிஸ்வானுக்கு வேறு நம்பிக்கை. எந்தக் கணக்குக்கும் ஒரே ஒரு வழிதான், அது கரும்பலகையில் சேர் எழுதிய வழி. மண்ணில் குந்தி, நூறைப் பத்தால் முறைப்படி வகுத்து, விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டான்.

"பத்து தான் வார சேர்."

ஜசிந்தா மட்டும் ஒரு ஈர்க்கை எடுத்து, நிலத்தில் நீளக் கோடு கீறி, கம்பு கம்பாகக் குத்திக்கொண்டிருந்தாள். கணக்கைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அவளுடைய எண்ணம்.

"எனக்குப் பதினொண்டு வருது."

"படம் கீறுறது சித்திர பாடத்துக்கடி" என்றேன்.

"அது விரல் விட்டு எண்ணுற மாதிரி. கள்ளக் கணக்கு" என்றான் ரிஸ்வான்.

சேருக்கு அவசரம். இரண்டு பேர் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்துக் கம்பு வந்தது.

போட்டி நாள் காலையில்... முந்தின நாள் மழை, மைதானம் சேறு. வாசலிலிருந்து கம்பு நட்டுக்கொண்டே போனோம். பத்தாவது கம்பும் முடிந்தது. கயிறு முடியவில்லை. கடைசிப் பத்தடி அப்படியே சேற்றுக்கு இறங்குகிறது. இல்லங்களின் சோடனை அலங்காரத்துக்குப் புள்ளி போடும் நடுவர்கள் பக்கத்து இல்லத்தின் கூடாரம் வரை வந்துவிட்டார்கள்.

பாய்ந்து நுனியைப் பிடித்தேன். கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். நான் விட்டால் மஞ்சள் இல்லமே சரிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் என் ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்! அந்த ஓட்டம் ஒன்றுக்காகத்தான் வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனவன் நான். கை மரத்துப் போகிறது, கால் துடிக்கிறது.

ரிஸ்வானோ எங்கள் கூடாரத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான். "கணக்கு பிழைக்காது மச்சான். ஆரோ ஒரு கம்ப களவெடுத்தீக்கான்."

ஜசிந்தா வந்தாள். சிரிக்கவில்லை.

"இடைவெளி பத்து. ஒவ்வொரு இடைவெளி முடியிற இடத்திலயும் ஒரு கம்பு. சரி. முதல் இடைவெளி துவங்கிற இடத்தில ஒண்டு நிக்குதே, அதை ஆர் எண்ணினது?"

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. மூளையால் இல்லை, தோள்மூட்டால்.

"அப்ப நான் ஆரு?"

"நீதான் பதினோராவது" என்று சொல்லிவிட்டு ரிஸ்வானின் காலரைப் பிடித்து இழுத்தாள். "நீதானே வகுத்தனி. வந்து நில்லு. அவன் ஓடட்டும்."

ஓடினேன். கடைசி அழைப்புக்குக் கோட்டில் நின்றேன். விசில் ஊதியதும் பறந்த பறப்பில் அடுத்த இல்லத்தின் கொடிகளும் என் பக்கம் திரும்பின. இரண்டாம் இடம். ஐந்தாம் இடம் என்று ஜசிந்தா இன்னமும் சொல்லுவாள். அவள் இருப்பது கனடாவில், அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

கம்பை விட்டுக் கோட்டுக்கு ஓடும்போதே பின்னால் கேட்டது. நடுவர் கேட்கிறார்: "தம்பி, நீர் இங்க என்ன செய்யிறீர்?"

ரிஸ்வான் கை இறங்காமல் சொல்லுகிறான்: "கம்பு சேர்."

சோடனையில் முதலிடம் எங்களுக்கு. உயிருள்ள கம்பு வைத்த ஒரே இல்லம் நாங்கள்தான்.

போன கிழமை பேரனுக்கு இதே மாதிரி ஒரு வேலிக் கணக்கு வந்தது. ஃபோனிடம் கேட்டான். அது பதினொன்று என்றது, ஏன் என்றும் சொன்னது, வடிவாகப் படமும் கீறிக் காட்டியது. எல்லாம் சரி. ஒரு நிமிடமும் செல்லவில்லை.

படத்தை எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ரிஸ்வான் உடனே வொய்ஸ் அனுப்பினான்: "மச்சான், எனக்கு இன்னும் அந்தக் கை நோகுது."

எனக்கும்தான்... பேரனுக்குத்தான் ஒன்றும் நோகவில்லை. பதினொன்று என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விட்டான்.