கொழும்புக்கு இறக்கிய பிள்ளை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு மரக்கறி லொறி, கொழும்பில் இரும்புக்கடை, வவுனியாவில் ரோட்டு வேலை, மறுபடி கொழும்பில் துணிக்கடை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை. அக்கா மகளின் படிப்புக்காகத்தான் முதல் தடவையாக அந்தத் துணிக்கடையில் இரண்டரை வருடம் இருந்தேன்.

அக்கா தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தாள். அதில் ஒன்று கன்று போட முடியாமல் ஒரு பகல் முழுக்கத் துடித்துச் செத்தது. டவுனிலிருந்து வர வேண்டிய மாட்டு டொக்டர் வரவே இல்லை. மகள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மிருக வைத்தியம் படிக்கப்போகிறேன் என்று அதற்குப் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள்.

பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தது. பக்கத்திலுள்ள ஹட்டனிலேயே உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்கலாம், அங்கேயே சேர்கிறேன் என்றாள். நான் விடவில்லை. பிள்ளையை மலையிலிருந்து கீழே இறக்கினால்தான் முன்னுக்கு வரும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். கொழும்பில் படிக்கிற பிள்ளை என்றால் லயத்தில் தனி மரியாதை. துணிக்கடை முதலாளியைக் கெஞ்சி, அவர் சிபாரிசில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினேன். தங்கிப் படிக்க ஒரு வீட்டில் போடிங்கும் பார்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் செய்துவிட்டேன் என்று திமிராகத்தான் திரிந்தேன்.

உயர்தரப் பெறுபேறும் நன்றாகவே வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நம் டவுனில்தான் போட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால் இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். டவுனில் கம்பியூட்டர் போட்டுக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் கடைக்காரர்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். நானா என்று கூப்பிடுவோம். காலையில் மூன்று பேருமாகப் போனோம். அக்கா பெரட்டுக்குப் போகவில்லை, அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

நானா போன வருடத்து வெட்டுப்புள்ளிப் பட்டியலைத் திரையில் திறந்தார். ஒரே படிப்பில் இடம் கிடைக்க ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு புள்ளி. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் மாவட்டமான நுவரெலியாவுக்கு நேரே இருந்த புள்ளியை அக்கா மகளின் புள்ளி தாண்டியிருந்தது.

"அப்ப கெடச்சிருமா நானா?" என்றாள் அக்கா.

"இங்க படிச்சிருந்தா கெடைக்கும்மா. புள்ள படிச்சது கொழும்புல. கடைசி மூணு வருசத்துல கூடுதலா எங்க படிச்சாங்களோ அந்த மாவட்டத்துலதான் சேர்ப்பாங்க. கொழும்புப் புள்ளியப் பாருங்க."

பார்த்தேன். அவளுடையதைவிட மேலே இருந்தது.

"வீடு இங்கதானே இருக்கு? ஓட்டும் இங்கதான். கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

"அவங்க வீட்டக் கேக்கல தம்பி, பள்ளிக்கூடத்தக் கேக்குறாங்க."

திரையில் அந்த இரண்டு வரியையும் மாறி மாறிப் படித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பசியில் படுத்திருக்கிறேன், ரோட்டு வேலையில் தார் கொட்டிக் கால் வெந்திருக்கிறது. அப்போதெல்லாம் எழுந்து வேறு ஊருக்கு ஓடத் தெரிந்தது. பின்னால் நின்ற ஒரு பிள்ளை, "அங்கிள், முடிஞ்சிருச்சுன்னா கொஞ்சம் தள்ளுங்க" என்றது. தள்ளி நின்றேன்.

அக்கா மகள் மட்டும் அசையவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. போன வருசமே டீச்சர் சொன்னாங்க."

"ஏன்டி சொல்லல?"

"அப்பவே ஒன்றரை வருசம் தாண்டிருச்சு. திரும்பி வந்தாலும் கணக்கு மாறாது. நீங்க ஒரே எடத்துல இருந்ததே எனக்காகத்தான். சொன்னா அதையும் விட்டுட்டு எங்கயாச்சும் ஓடிருப்பீங்க. நான் யாரு தயவுல படிச்சு முடிக்கிறது?"

நானா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "எட்டாங் கிளாசு படிச்சவன் பேச்சக் கேட்டு எம்புள்ளைய அனுப்புனேன் பாரு" என்றாள். கடைக்குள் அத்தனை பேருக்கும் கேட்டது. அக்கா மகள் முதல் தெரிவாக மிருக வைத்தியத்தையே போடச் சொன்னாள். பிறகு வேறு படிப்புகளை வரிசையாகச் சொன்னாள். அந்த வரிசையை எப்போதோ யோசித்து வைத்திருந்திருக்கிறாள்.

மாதக்கணக்கில் காத்திருந்தோம். புதிய வெட்டுப்புள்ளி வந்தபோது நானா சொன்னதுதான் நடந்தது. நுவரெலியாவின் புள்ளி அவளுக்குக் கீழே நின்றது, கொழும்பின் புள்ளி மேலே. அவளுக்குக் கிடைத்தது மட்டக்களப்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல். போகிறேன் என்றாள்.

அந்த வாரமே எங்கள் லயத்தில் நாலாவது வீட்டுக்காரி வந்தாள். அவள் மகளும் சாதாரண தரம் முடித்திருந்தாள்.

"தம்பி, ஒங்க மொதலாளிகிட்ட சொல்லி எம்மகளுக்கும் அதே பள்ளிக்கூடத்துல ஒரு எடம் பாருங்க. பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

"வேணாங்க. ஹட்டன்லயே சேருங்க" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "ஒங்க புள்ள மட்டும் கொழும்புல படிக்கலாம், கம்பஸ் போகலாம். எங்க புள்ளன்னா ஹட்டன் போதுமா?"

உள்ளே போய் அக்கா மகளைக் கூப்பிட்டேன். அவள் வாசல்படியில் அந்த அம்மாவை உட்காரவைத்து, கைபேசியில் இரண்டு மாவட்டத்துப் புள்ளிகளையும் காட்டினாள். இரண்டுக்கும் நடுவில் தன் புள்ளி எங்கே நிற்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மா கைபேசியை வாங்கி, அதே இடத்தைத் தன் விரலாலும் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப ஒன்னைய அனுப்புறப்ப ஒங்க மாமனுக்கு இது தெரியாதா?"

"தெரியாதுங்க அத்த. யாருகிட்டயும் கேக்கவும் இல்ல" என்றாள்.