பாதி இறங்கிய ஷட்டர்

மராட்டிய மாநிலத்துப் போசரியில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சந்திரமௌலி தரப் பரிசோதகர். அவர் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிய உருப்படியை யாரும் மறுபேச்சுப் பேசி எடுத்து வைத்ததில்லை. காரணம், அவர் அளக்காமல் ஒட்டமாட்டார். 1994-ல் ஒரு தடவை, பக்கத்து மேஜைக்காரர் எடுத்த அளவை நம்பி நானூறு உருப்படிகளை ஒதுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்ததும் சந்தேகம் வந்தது. மறுநாள் வார விடுமுறை. பஸ் பிடித்துப் போய், காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறக்கவைத்து, நானூறையும் தன் கையால் அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன. சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதிவேட்டில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்தைப் பிறகு புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

தொழிற்சாலையில் இப்படி இருந்த மனிதருக்கு வெளியே ஒரு பழக்கம் இருந்தது. உலகத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை எழுதியாக வேண்டும். கேபிள் டி.வி. வந்தபோது பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேஜர் வந்தபோது எழுதினார். செல்போன் வந்தபோது இரண்டு கடிதம்.

"ஊர் உலகத்தையெல்லாம் திருத்தறேள். இந்த ஃபேன் ரெகுலேட்டரைத் திருத்த ஒரு ஆளைக் கூட்டிண்டு வாங்கோளேன்" என்பாள் அவர் மனைவி நீலா.

2001-ல் இணையத்தில் தமிழர்கள் கூடி விவாதிக்கும் ஒரு தளம் இருப்பதை யாரோ சொன்னார்கள். கடிதம் எழுதிவிட்டு வருமா வராதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதிய அன்றே அமெரிக்காவிலிருந்து ஒருவன் சண்டைக்கு வருவான் என்று தெரிந்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்தது போல் இருந்தது. ஒரே தடை, அவருக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியாது.

விஷ்ராந்த்வாடியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியின் தரைத்தளத்தில் மூன்று கடைகள். நடுவில் இருந்தது அனீசாவின் சைபர் கஃபே. ஏழு கம்ப்யூட்டர்கள். கடையநல்லூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கணவர் ஆஸிம் கடையின் பின்பக்கம் மேஜை போட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். நான்கு மெஷின்களை அவர் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார். மதியம் ஒரு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்புப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கி, அந்த நான்கிலும் உட்கார்ந்து விளையாட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள்.

சந்திரமௌலியின் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. வாரம் முழுக்கத் தாள்களில் எழுதி வைத்ததை வெள்ளியன்று கொண்டுவந்து கொடுப்பார்.

"அடிச்சுக் குடுத்துடறியாம்மா? அவசரமில்லே."

"இப்பமே அடிக்கேன் சார். இருங்க."

அவள் அடிக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடித்து முடித்ததும் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, "வாசிச்சுப் பாத்துக்கோங்க சார்" என்பாள். ஒரு எழுத்துப் பிசகியிருக்காது. அவர் எழுதியதை அவள் மாற்றியதும் இல்லை, நல்லாயிருக்கு என்றோ இல்லை என்றோ சொன்னதும் இல்லை. தளத்தில் அவருக்குக் கணக்குத் திறந்துகொடுத்ததும் அவள்தான். "என்ன பேரு போட சார்?" என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்து, "நடுநிலையாளன்" என்றார்.

நடுநிலையாளன் சீக்கிரமே பேர் வாங்கினார். கிரெடிட் கார்டு, குளோனிங், கால் சென்டர் பெண்களின் இரவு வேலை என்று அவர் தொடாத விஷயமில்லை. அவருடைய நிரந்தர எதிராளி கிருஷ்ணா என்பவன். ஹூஸ்டனில் வேலை. 2002 ஜனவரியில் வீடியோ கேம்களைப் பற்றி விவாதம் கிளம்பியது. விளையாட்டில் மனிதனைச் சுட்டுப் பழகுகிறவன் நாளைக்கு எதற்கும் கூசமாட்டான் என்று சந்திரமௌலி எழுதினார். கிருஷ்ணா விடவில்லை.

'கபடியில் கால் ஒடிகிறது. அதையும் தடை செய்துவிடலாமா ஐயா? நீங்கள் ஒரு தடவையாவது இந்த விளையாட்டை ஆடியிருக்கிறீர்களா? அட, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊகம் வேண்டாம். கண்ணால் கண்ட ஒரு உதாரணம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நான் தோற்றேன் என்று எழுதிவிட்டுப் போகிறேன்.'

அதன் கீழே பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். 'நடுநிலையாளர் நடுவழியில் நிற்கிறார்' என்று ஒருவன்.

அந்த வாரம் முழுதும் சந்திரமௌலிக்கு அதே நினைப்பு. உண்மையில் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் வேறொன்று பார்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி வாக்கில் அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஒருநாள் அவரும் மகள் தீப்தியும் அந்த நேரத்தில் போய் நின்றார்கள். தீப்தி அப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். பிரிண்ட் எடுக்க வந்தவள். பத்து நிமிடம் கழித்து அனீசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து ஷட்டரை மேலே தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். மத்த நாள்ல அவங்க கல்லால இருப்பாங்க, நான் உள்ள போய்த் தொழுதுக்கிடுவேன். வெள்ளின்னா அவங்க பள்ளிவாசலுக்குப் போயிருதாங்க. அதான் பாதி இறக்கி வச்சுட்டுத் தொழுதேன். உள்ள இருக்கிற பிள்ளையள எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல முடியுமா?"

"அதுக்கென்னம்மா" என்றார் அவர். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

கிருஷ்ணாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அந்த ஷட்டர்தான் பேனா முனையில் வந்து நின்றது. 'என் குடியிருப்பின் கீழேயே அப்படி ஒரு கடை இருக்கிறது. பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே சிறுவர்களை வைத்து ஆடவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் கண்டேன்' என்று எழுதினார். அதுவரை எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அது போதாதென்று தோன்றியது. ஒரு வரி சேர்த்தார்: 'பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நாளன்று ஒரு மாணவன் தேர்வுக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தான்.' அப்படி ஒரு மாணவன் இல்லை. எழுதிய பிறகு அவனுடைய சட்டை நிறம்கூட அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தத் தாளை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு எங்கே கொடுப்பது? அந்த வட்டாரத்தில் தமிழ் அடிக்க வேறு ஆள் இல்லை. கொடுக்கும்போது, அவள் விரல்தானே அடிக்கிறது, மனசா படிக்கிறது என்று ஒரு சமாதானம்.

பாதியில் அவள் விரல் நின்றது.

"சார், இது எந்தக் கடை?"

"பொதுவா எழுதினதும்மா. ஒரு கடைன்னு வச்சுக்கோயேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி சார்" என்றாள். மீதியையும் அடித்தாள். மானிட்டரைத் திருப்பினாள். "வாசிச்சுப் பாத்துக்கோங்க சார்."

வாசித்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கிருஷ்ணா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். 'கண்ணால் கண்டேன் என்கிறார். வயதில் பெரியவர். நான் தோற்றேன்' என்று எழுதினான். பாராட்டுகள் குவிந்தன. சந்திரமௌலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதை ஆங்கிலத்தில் தானே எழுதி, அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போடும் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். இந்தத் தடவை தன் சொந்தப் பெயரும் விலாசமும் போட்டு. மூன்றாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டார்கள்.

சொசைட்டி செக்ரட்டரி பாபட் அதைக் கத்தரித்து, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் நோட்டீஸ் போர்டில் குத்தினார். மேலே சாக்பீஸால் மராட்டியில் 'நம்முடைய சந்திரமௌலி' என்று எழுதினார். தண்ணீர் வரும் நேரமும் லிஃப்ட் பழுதும் எழுதுகிற பலகை அது. மாடி ஏறி இறங்குகிற எல்லோர் கண்ணிலும் பட்டது.

"க்யா பாத் ஹை சாஹேப்! ஏக்தம் பரோபர் லிஹிலய்!" என்று பாபட் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிகச் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்ற அந்தப் பாராட்டைச் சந்திரமௌலி சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தீப்திதான் அன்று மாலை கேட்டாள். அவளுடைய தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்.

"அப்பா, அந்த ஷட்டர்... ஆன்ட்டி நமாஸ் பண்ணா. நானும் இருந்தேன் தானே அன்னிக்கு? உனக்கு மாலும்... தெரியும் இல்லே?"

"அது பொதுவா எழுதினது."

"போர்டுல நம்ம பில்டிங் பேர் இருக்கு அப்பா. பொதுவா எப்படி?" அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த எக்ஸாமுக்குப் போகாத லட்கா யாரு?"

அவர் டி.வி.யைப் போட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அவள் அவரிடம் பேசியதெல்லாம் சாப்பாடு, சாவி, பஸ் இவைதான்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டம் நடந்தது. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்காவது விஷயமாக சைபர் கஃபே வந்தது. கடை சொசைட்டிக்குச் சொந்தம்; ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் காலி செய்தாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது விதி. அனீசா தூணோரமாக நின்றாள். ஆஸிம் அவள் பக்கத்தில் கை கட்டி நின்றார்.

பாபட் பத்திரிகைத் துண்டை உயர்த்திக் காட்டினார். "நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சாஹேப், நீங்களே சொல்லுங்கள்" என்று இந்தியில் கூப்பிட்டார்.

சந்திரமௌலி எழுந்தார். எல்லா முகங்களும் திரும்பின. தொழுகைக்காகத்தான் ஷட்டரை இறக்குகிறாள், தேர்வுக்குப் போகாத பையன் யாரும் இல்லை: இரண்டே வாக்கியம். இந்தியில் அவருக்கு நன்றாகவே சொல்ல வரும். ஆனால் சொன்னால் அந்தப் பெட்டிச் செய்தி என்னாவது, ஹூஸ்டன்காரன் தோற்றது என்னாவது, சாக்பீஸால் எழுதிய பெயர் என்னாவது?

"மைனே... ஜெனரல் லிக்கா தா" என்றார். பொதுவாகத்தான் எழுதினேன்.

"பாருங்கள் அடக்கத்தை!" என்றார் பாபட். சிரிப்பு எழுந்தது. "சலா, ஹாத் வர் கரா!"

கடையைக் காலி செய்யச் சொல்வதற்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சந்திரமௌலியை எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையும் உயர்ந்தது. தூணோரம் அவர் பார்க்கவில்லை. அனீசா தன்னையே பார்ப்பது பார்க்காமலே தெரிந்தது.

ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்று வெள்ளிக்கிழமைகள் அவர் கீழே இறங்கவில்லை. தளத்துக்கு எதுவும் எழுதவில்லை. தொழிற்சாலையில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பழைய பதிவேட்டை எடுத்து, 'தவறு என்னுடையது' பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

நான்காவது வெள்ளிக்கிழமை தாளோடு போனார். இரண்டு மணி. மாம்பழ அட்டைப்பெட்டிகளில் கீபோர்டுகள் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு மெஷின் மட்டும் மேஜையில் மிச்சம். ஆஸிம் அவரைப் பார்த்ததும் ஒயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"ஒண்ணு அடிக்கணும்மா. முடியலேன்னா பரவாயில்லே."

"லைன் இன்னும் கட் பண்ணலை சார். இருங்க, அடிக்கேன்."

தாளை வாங்கிக்கொண்டாள். ஸ்டூல் கூட இல்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அடித்தாள். விளையாட்டுகளைப் பற்றித் தான் எழுதிய உதாரணம் தவறு, அப்படி ஒரு மாணவன் இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தார். அதை அடிக்கும்போதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசிப் பத்தியில் விரல் நின்றது.

"'ஷட்டர் இறங்கியிருந்தது தொழுகைக்காக என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது'ன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா."

"பின்னாலயா சார் தெரிஞ்சது?"

அவளுடைய குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எதையாவது சொல்லி வாதாடியிருப்பார். வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"முன்னாலயே தெரியும்" என்றார்.

"அப்ப மாத்தவா?"

"மாத்தும்மா."

மாற்றினாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் எழுத்தை அடித்தவள் அதில் மாற்றிய ஒரே இடம் அது.

"பேரு அதேதானா சார்?"

"வேண்டாம். சந்திரமௌலின்னு போடு."

அடித்தாள். மானிட்டரைத் திருப்பினாள். "வாசிச்சுப் பாத்துக்கோங்க சார்."

எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் அவர் வாசிக்காமலேயே சரி என்றார்.

அந்தப் பதிவுக்கு இரண்டு பதில்கள் வந்தன என்று வெகு நாள் கழித்து தீப்தி பார்த்துச் சொன்னாள். 'இது எந்த விவாதம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கிருஷ்ணா 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தான். தன் மறுப்பைச் சந்திரமௌலி இந்தியில் எழுதி பாபட்டிடமும் கொடுத்தார். "தீர்மானம் ஆகிவிட்டதே சாஹேப்" என்று பாபட் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் அது வரவில்லை. சந்திரமௌலி தானே குத்தியிருக்கலாம், பலகையில் குண்டூசிகள் எப்போதும் இருந்தன.

அனீசாவும் ஆஸிமும் கோண்ட்வா பக்கம் போனார்கள் என்றும், இல்லை, ஊருக்கே போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். சந்திரமௌலி யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்த இடத்தில் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி விற்கும் கடை வந்தது. அதன் ஷட்டர் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை முழுதாக மேலே ஏறியே இருக்கும்.

2008-ல் ஓய்வு பெறும்வரை அவர் வேலைக்குப் போனதும் வந்ததும், கடைகள் இருக்கும் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்க கேட் வழியாகத்தான். அந்த வழியில் போனால் பஸ் நிறுத்தத்துக்குச் சுற்று. ஏன் என்று நீலா கேட்டால், நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்பார். எந்த டாக்டரும் சொல்லவில்லை என்பது நீலாவுக்குத் தெரியும்.