பாட்டுக்குள் வாப்பாவின் பாங்கு

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பக்கத்தில் லொறி கவிழ்ந்திருந்தாலும் பாட்டில் கேட்டிருக்காது. மூன்று கிட்டார், ட்ரம்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே என் கத்தல். புது ஆல்பத்தில் அந்த இரைச்சலே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்தான். ஒரு கிட்டார், ஒரு குரல், இடையில் எங்கள் ஊர் எத்தாளையின் காற்று. அந்தக் காற்றுக்காகவே நாங்கள் வாசிக்கும் வெங்காயக் கொட்டிலின் கதவுகளைத் திறந்துவிட்டு, மைக்கின் ஒலியளவையும் நன்றாகக் கூட்டிவைத்துப் பாடினேன்.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் வாசிப்பை நிறுத்திவிடுவோம். கிட்டார் வாசிப்பவன் சிலாபத்துக் கத்தோலிக்கன்; அவன்கூட அது முடியும்வரை கம்பிமேல் கையை வைத்தபடி காத்திருப்பான். எங்கள் பள்ளியில் பாங்கு சொல்வது என் வாப்பா. மகன் கிட்டாரும் கையுமாகத் திரிகிறான் என்று பள்ளி நிர்வாகத்தில் முன்பே முணுமுணுப்பு இருந்தது. "பாங்கு நேரத்தில அவனுகள் வாசிக்க மாட்டானுகள், அதுக்கு நான் பொறுப்பு" என்று வாப்பா எனக்காக வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் பாட்டை இணையத்தில் ஏற்றிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பஸ்ஸில் இருந்து ஆசையாகக் கேட்டேன். நடுவில் நான் வெறுமனே முனகும் இடம் வந்தது. காற்றுக்குப் பின்னால் யாரோ தொழுகைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். வாப்பா. கடைசி எழுத்தை அவர் இழுக்கும் அந்த இழுப்பு ஊருக்கே தெரியும். 

அந்தப் பாட்டைப் பதிந்த அன்று மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். நான் ஹெட்போனை மாட்டி, முன்பே பதிந்த கிட்டாரைக் காதில் கேட்டபடி பாடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை, மைக்குக்குக் கேட்டிருக்கிறது.

குரலையும் கிட்டாரையும் சேர்த்துப் பாட்டை முடித்துத் தந்த கூட்டாளிக்கு ஃபோன் எடுத்தேன்.

"எனக்குக் கேட்டதுதான் மச்சான்" என்றான். "நீ வேணுமெண்டு வெச்சதெண்டு நெனச்சன். வடிவா இருந்திச்சு."

கோபிக்கவும் முடியவில்லை. உடனே பாட்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன், எடுத்தான். அதற்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்கியிருந்தது.

மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க் கடைசி வரிசையில் ஒதுங்கினேன். யார் இருமினாலும் எனக்காக இருமியதாகத் தோன்றியது. தொழுகை முடிந்ததும் நிர்வாகத்தார் வாப்பாவை உள்ளே அழைத்தார்கள். நான் செருப்பைத் தேடக்கூட நிற்காமல் வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

வாப்பா என் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதை வாசலில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"கொஞ்ச நாளைக்குப் பாங்கு வேறாள் சொல்லட்டுமாம்" என்றார்.

 ஏசட்டும் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"மகன், நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கவே இல்லையா?"

"ஹெட்போன் போட்டிருந்தேன் வாப்பா."

அவர் தலையை ஆட்டினார். அப்படியே பின்நேரத் தொழுகையான அஸருக்கு நேரமாகியது. வாப்பா பழக்கத்தில் எழும்பிவிட்டார், தொப்பியைத் தலையில் வைத்தார், பிறகு நினைவு வந்து மறுபடி கதிரையில் இருந்தார். ஒலிபெருக்கியில் வேறொருவரின் குரல் வந்தது. அது முடியும்வரை எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.